தேங்காப்பட்டணத்தில் மாட்டியது கிளாத்தியா, பேத்தையா?

தூண்டில்காரத் தம்பி ஒருவர் கேட்டு எழுதியிருப்பதைச் சுருக்கினால் இவ்வளவுதான். மார்கழி பிறந்த வாரத்தில் தேங்காப்பட்டணம் அலைத்தடுப்புச் சுவரில் நின்று விடியலில் பாரைக்குத் தூண்டில் போட்டிருக்கிறார். இரை சாளைத் துண்டு, அதாவது மத்தி. மூன்று தடவை இரை மட்டும் காணாமல் போனது, ஒரு தடவை தூண்டில் நரம்பே கத்தரியால் வெட்டியது போல அறுந்தது. எரிச்சலில் சின்ன ஹூக் மாற்றி, கணவாய்த் துணுக்கு கோத்துப் போட்டதும் ஏழரை மணிவாக்கில் ஒரு மீன் வந்தது. ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேல் நீளம், கறுத்த நீலம், கிளி அலகு மாதிரி வாய், தூக்கும்போது 'கர்க் கர்க்' என்று ஒரு சத்தம். பக்கத்தில் நின்றவர் "கிளாத்தியாக்கும், தோலுரிச்சுப் பொரிச்சா கோழிக்கறி தோத்துப் போவும்" என்றிருக்கிறார். ஆட்டோ ஏறும்போது பார்த்த இன்னொருவர் "பேத்தையையா வீட்டுக்குக் கொண்டு போற?" என்று தலையில் அடித்துக்கொண்டாராம். மீன் இப்போது ஃபிரிட்ஜில் இருக்கிறது. இது என்ன மீன், பனிக்காலத்தில் பாரை வரவேண்டிய இடத்தில் இது ஏன் வந்தது என்று இரண்டு கேள்வி.

ஆனால் நிஜக் கேள்வி அந்த இரண்டுமே இல்லை. இரண்டு பேர் இரண்டு பெயர் சொல்கிறார்கள், ஒரு பெயருக்குப் பொரியல், இன்னொரு பெயர் விஷ மீனுக்கு, அதைத் தின்றால் ஆஸ்பத்திரி, நான் யாரை நம்புவது என்பதுதான் தம்பி, நீங்கள் கேட்பது. இரண்டு பேரையும் நம்ப வேண்டாம், என்னையும் முழுசாக நம்ப வேண்டாம், மீனைக் கையில் எடுத்துப் பாருங்கள். நான் மீன்வளம் படித்துவிட்டு இருபத்தாறு வருடம் இறங்குதளங்களில் உட்கார்ந்து, எந்தப் படகில் என்ன மீன் எத்தனை கூடை என்று எண்ணி எழுதிய ஆள். முட்டத்திலிருந்து நீரோடி வரைக்கும், எல்லை தாண்டிப் பொழியூர், விழிஞ்ஞம் வரைக்கும் போயிருக்கிறேன். அந்த வேலையில் முதலில் கற்றுக்கொண்டதே கரையில் சொல்லும் பெயரை அப்படியே நோட்டில் எழுதக்கூடாது என்பதுதான். கிளிமீன் என்று ராமேஸ்வரம் பக்கம் கேட்டால் பாரில், அதாவது கடலடிப் பாறைத் திட்டில், மேய்கிற பச்சையும் நீலமுமான மீனைக் காட்டுவார்கள். அதே சொல்லைப் பொழியூர் தாண்டிச் சொன்னால் இளஞ்சிவப்பில் வாலில் நூல் நீண்ட, நம் சங்கரா ஜாடையில் இருக்கிற வேறொரு மீன் வரும். குளத்து வாளை வேறு, கடல் வாளை வேறு. கிளாத்தி என்பதும் அப்படி ஒரு மீனின் பெயர் இல்லை. முதுகில் முள் எழுந்து நிற்கிற, தோல் தடித்த ஒரு கூட்டத்துக்கே அந்தப் பெயர்.

உங்கள் படத்தை வைத்து நான் எதுவும் சொல்லப்போவதில்லை, டார்ச் வெளிச்சத்தில் ஐஸ் பெட்டிக்குள் எடுத்த படத்தில் பாதி மீன் நிழலில் கிடக்கிறது. ஆனால் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரி படத்தைவிடப் பெரிய சாட்சி. 'பெட்டியிலிருந்து எடுக்கும்போது முதுகு முள் கவரில் மாட்டிக்கொண்டது, அழுத்தினாலும் மடங்கவில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். பேத்தைக்கு முதுகில் முள்ளே கிடையாது. வாலுக்குப் பக்கத்தில் மென்மையான ஒரு துடுப்பு இருக்கும், அதுவும் விரலுக்கு வளையும். ஆகவே நீங்கள் பார்த்தது நிஜமாகவே நிமிர்ந்து நின்ற முள் என்றால் அது கிளாத்திக் கூட்டம்தான், அந்த நிறத்தையும் சேர்த்துப் பார்த்தால் கருநீலக் கிளாத்தியாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். புத்தகப் பெயர் ஓடோனஸ் நைஜர். வால் பிறை மாதிரி வளைந்து இரண்டு நுனியும் நீண்டிருக்கும், பல் பல சமயம் சிவப்பேறி இருக்கும், வெற்றிலை போட்ட பாட்டி மாதிரி.

இப்போது ஃபிரிட்ஜைத் திறந்து ஒரு காரியம் செய்யுங்கள். முதுகில் முன்னால் இருக்கிற பெரிய முள்ளை நிமிர்த்திவிட்டு, அதைப் பின்னோக்கி அழுத்துங்கள். மடங்காது. சரி, அதற்கு அடுத்து பின்னால் இருக்கிற குட்டி முள்ளை விரலால் அழுத்துங்கள். பெரியது தானாகப் படுத்துவிடும். துப்பாக்கி விசை மாதிரி. பாறை இடுக்கில் நுழைந்து இந்த முள்ளை நிமிர்த்திக்கொண்டால் எந்த மீனாலும், எந்த அலையாலும் இதை வெளியே இழுக்க முடியாது, அதற்காகவே உள்ள பூட்டு இது. செத்து விறைத்த மீனில்கூடப் பெரும்பாலும் வேலை செய்யும். இந்தப் பூட்டு பேத்தைக்குக் கிடையாது, பாரைக்குக் கிடையாது, நம் கரையில் குழம்பிப் போகக்கூடிய வேறு எதற்கும் கிடையாது. அடுத்து, தோலில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். கிளாத்திக்குச் சாய்சதுரமாகத் தகடு தகடாகக் கெட்டியான செதில், கவசம் மாதிரி. பேத்தைக்குச் செதிலே இல்லை. தோல் வழவழவென்றிருக்கும், அல்லது முதுகிலும் வயிற்றிலும் பொடி முள் நெருடும். அப்புறம் பல். பேத்தைக்கு மேலே இரண்டு கீழே இரண்டு, ஆக மொத்தம் நான்கே பல், நடுவில் ஒரு கோடு ஓட அலகாகச் சேர்ந்திருக்கும், அந்தக் குடும்பத்துக்கு அறிவியலில் வைத்த பெயரே நாற்பல் என்ற பொருளில்தான். கிளாத்திக்குத் தனித்தனிப் பற்கள், வெளிவரிசையில் மேலே எட்டு, கீழே எட்டு. செத்த மீன்தானே என்று வாய்க்குள் விரலை விட்டுப் பார்க்க வேண்டாம், ஒரு ஸ்பூன் காம்பால் உதட்டை நகர்த்திப் பார்த்தால் போதும்.

நீங்கள் அடையாளம் என்று நினைத்து எழுதியதில் சிலது அடையாளம் இல்லை. சத்தம் இரண்டும் போடும், பேத்தை பல்லைக் கடித்துச் சத்தம் எழுப்பும். நரம்பை இரண்டும் அறுக்கும். 'வயிறு உப்பவில்லை, அதனால் பேத்தை இல்லை' என்று பக்கத்தில் நின்றவர் சொன்னாராமே, அது தப்பு மட்டுமல்ல, ஆபத்தான தப்பு. எல்லாப் பேத்தையும் எல்லா நேரமும் உப்பாது, களைத்துப்போனது உப்பாது, செத்தது உப்பவே உப்பாது. நீங்கள் கவனிக்காமல் விட்ட நல்ல சாட்சி ஒன்று, நேரம். கிளாத்தி பகல் மீன். இருட்டியதும் இடுக்கில் போய்ப் படுத்துக்கொள்ளும். வெயில் ஏறி ஏழரை மணிக்கு, அதுவும் கல் குவித்த சுவரடியில் கடித்தது என்பது கிளாத்தியின் குணத்தோடு ஒத்துப்போகிறது. நள்ளிரவில் கடித்தது என்று எழுதியிருந்தால் நான் இவ்வளவு தைரியமாக எழுதியிருக்க மாட்டேன்.

முள் சோதனையில் தேறிவிட்டால் சாப்பிடலாமா? சாப்பிடலாம். நான் பலமுறை சாப்பிட்டிருக்கிறேன். வெள்ளைச் சதை, கொஞ்சம் கெட்டி, கோழிக்கறி என்பது கொஞ்சம் மிகை, ஆனால் பொரித்தால் நன்றாகவே இருக்கும். குடல், ஈரல், தலை எதையும் சட்டிக்குக் கொண்டுபோகாதீர்கள். தோலைச் செதில் சுரண்டுவது மாதிரி சுரண்டினால் கத்திதான் மழுங்கும். தலைக்குப் பின்னால் சுற்றிக் கீறி, முள்ளோடு சேர்த்துப் பிடித்து, வாலை நோக்கி உரித்தால் சட்டை கழற்றுவது போல வரும். முதல் மீனுக்கு அரை மணி நேரம் ஆகும், பத்தாவது மீனுக்கு இரண்டு நிமிடம். எங்கள் வீட்டில் மைனிதான் இதில் கெட்டிக்காரி, அவள் கட்டிங் பிளேயரை வைத்துத்தான் உரிப்பாள்.

முள் இல்லை, செதில் இல்லை, பல் நான்குதான் என்றால் பேச்சே கிடையாது. அது பேத்தை. தூக்கிப் போடுங்கள், அதுவும் நாயோ பூனையோ தோண்டாத ஆழத்தில் குழி வெட்டி. 'தோலையும் குடலையும் எடுத்துட்டா ஒண்ணும் செய்யாது, எங்க தாத்தா தின்னாரு' என்று சொல்கிற ஒருவர் எல்லாக் கரையிலும் இருப்பார். தாத்தா தின்றது உண்மையாகவே இருக்கலாம். பேத்தையில் பல இனம், ஒன்றில் விஷம் ஈரலிலும் சினையிலும் தோலிலும் தங்கும், சதையில் குறைவாக இருக்கும். ஆனால் நம் கடலில் கிடைக்கிற இனங்களிலேயே சதையிலும் விஷம் ஏறுகிற ஒன்று இருக்கிறது, அதையும் சாதுவான அதன் உறவுக்காரனையும் பிரித்துச் சொல்ல முதுகில் பொடி முள் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும். அதே மீனில் சினைக் காலத்தில் விஷம் கூடும். செத்துக் கிடக்கும்போதும், உறையவைத்து உருக்கும்போதும் ஈரலிலிருந்து சதைக்கும் இறங்கும். கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் உப்புக்கண்டம் போட்டாலும் அது அழியாது. டெட்ரோடோடாக்சின் என்று பெயர், நரம்பில் சோடியம் போகிற வாசலை அடைத்துவிடும். முதலில் உதடும் நாக்கும் மரத்துப் போகும், அப்புறம் விரல் நுனி, வாந்தி, கால் தள்ளாடுவது, கடைசியில் மூச்சுத் தசை நின்றுபோவது. புத்தி தெளிவாக இருக்கும்போதே உடம்பு அசையாது. மாற்றுமருந்து கிடையாது. செயற்கை மூச்சு கொடுத்து முதல் நாளைத் தாண்டவைத்துவிட்டால் பெரும்பாலும் பிழைத்துவிடுவார்கள். ஆகவே மீன் சாப்பிட்டபின் உதடு மரத்தால் புளித்தண்ணீர், மோர், நாட்டு மருந்து என்று நேரம் போக்காமல் வென்டிலேட்டர் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு நேராகப் போக வேண்டும். பக்கத்து கிளினிக்குக்குப் போய் அங்கிருந்து அனுப்பிவைக்கிற அந்த ஒரு மணி நேரம்தான் பல சமயம் வித்தியாசம்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குப் படிப்பு மட்டும் காரணமில்லை. வேலைக்குச் சேர்ந்து மூன்றோ நான்கோ வருடம் இருக்கும், சித்தப்பா வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு. தெரிந்தவர் ஒருவர் உரித்து, தலை வெட்டி, துண்டு போட்டுக் கொடுத்த கிளாத்தி என்று குழம்பு வைத்திருந்தார்கள். நான் மீன் படித்தவன், கிளாத்தி என்றால் கிளாத்தி, தட்டில் கிடக்கிற துண்டைப் பார்த்து என்ன கேட்பது? இரண்டு துண்டு தின்றேன். அரை மணி நேரத்தில் மேலுதடு பல் டாக்டரிடம் ஊசி போட்டது மாதிரி ஆனது. சித்தப்பாவுக்கும் அப்படியே, மிளகு கூடிப்போச்சு என்றுதான் அவர் முதலில் சொன்னார். விரல் நுனியும் சுரீர் என்றதும் எனக்குப் பயம் வந்துவிட்டது. அன்று ராத்திரி முழுவதும் இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக் கட்டிலில். அதற்கு மேல் ஒன்றும் ஆகவில்லை, காலையில் காப்பி குடித்துவிட்டு வந்தோம். வீட்டுக் கிணற்றடியில் பூனை செத்துக் கிடந்தது. குடலும் தலையும் கொடுத்தவர் வீட்டிலேயே போயிருக்கும், அது தின்றது நாங்கள் மிச்சம் வைத்த துண்டுகளைத்தான். அந்தத் துண்டுகளில் ஒன்றைக்கூடப் பத்திரப்படுத்தி ஆய்வுக்கு அனுப்ப எனக்குத் தோன்றவில்லை, அதனால் அது பேத்தைதான் என்று நான் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அன்றிலிருந்து உரித்து, தலை எடுத்து, துண்டாக்கி விற்கிற கிளாத்தியை நான் வாங்குவதில்லை. தோலும் முள்ளும் பல்லும் போனபிறகு கிளாத்தியும் பேத்தையும் ஒரே வெள்ளைச் சதை. முழு மீனை வாங்கி என் கண் முன்னால் உரிக்கச் சொல்வேன், முறைத்தால் முறைக்கட்டும்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. பனிக்காலத்தில் இது இங்கே ஏன்? முதலில் ஒரு திருத்தம், இது வழிதவறி வந்த மீன் இல்லை. செங்கடலிலிருந்து பசிபிக் வரைக்கும் வெப்பக் கடல் பார்களில் இருக்கிற இனம், லட்சத்தீவுப் பாறைகளில் கூட்டங்கூட்டமாகப் பார்க்கலாம், நம் குளச்சல், விழிஞ்ஞம் பக்கத்துக் கடலடிப் பார்களிலும் உண்டு. வந்தேறி என்றால் வடக்கே ஆந்திர எல்லையில் பழவேற்காட்டையும் சென்னையை ஒட்டிய எண்ணூரையும் பாடாய்ப் படுத்துகிற காக்கா ஆழியைச் சொல்லலாம், தென்னமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்து உப்பங்கழியின் அடித்தரையை மூடிப் படர்ந்து இறாலுக்கும் மட்டிக்கும் இடமில்லாமல் செய்கிற சிப்பி அது. கிளாத்தி அப்படி இல்லை. நீங்கள் பாரைக்குப் பெரிய ஹூக்கில் பெரிய இரை போடுகிறவர், அதன் வாய் பொட்டு வாய், உங்கள் இரையை அது எத்தனையோ காலையில் கொறித்துவிட்டுப் போயிருக்கும், நீங்கள் அலைதான் பிய்த்தது என்று நினைத்திருப்பீர்கள். அன்றைக்கு எரிச்சலில் சின்ன ஹூக் மாற்றினீர்களே, எதிர்பாராதது அதுதான்.

ஆனாலும் பருவத்துக்கும் பங்கு இருக்கிறது. நம் மேற்குக் கரைக்கு ஆனி, ஆடிதான் கொந்தளிப்பு, ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுத் தடையும் அப்போதுதான். அந்தக் காலத்தில் கரையோரம் அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வரும், பிளாங்டன் என்கிற மிதவை நுண்ணுயிர் பெருகும், தண்ணீர் பச்சையாகக் கலங்கிக் கிடக்கும், நீவாடு வடக்கிலிருந்து தெற்கே ஓடும். நீவாடு என்றால் நீரோட்டம், வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். ஐப்பசி, கார்த்திகை தாண்டியதும் இது அப்படியே தலைகீழாகும். வங்கக் கடலின் உப்புக் குறைந்த தண்ணீர் இலங்கையைச் சுற்றிக்கொண்டு குமரிமுனை தாண்டி, நம் கரையை ஒட்டி வடக்கே ஏறும். குளிர்ந்த அடிநீர் ஆழத்துக்கு இறங்கிவிடும், மேலே வெதுவெதுப்பான தெளிந்த நீர் தடிமனாக நிற்கும். குழித்துறை ஆறு கார்த்திகை மழையில் கொண்டுவந்த கலக்கலும் மார்கழியில் அடங்கிவிடும். கண்ணால் பார்த்து இரை பொறுக்குகிற பார் மீன்களுக்கு இது கொண்டாட்டம். வெளிப்பாரில் நின்றவை கரைக்கல் வரைக்கும் வர இந்தத் தெளிவு ஒரு வழி என்பது என் அனுபவம். அலைத்தடுப்புச் சுவரும் அவற்றுக்கு ஒரு பார்தான், நாம் கட்டிக்கொடுத்த பார், இடுக்குக்குப் பஞ்சமே இல்லை. நீரோட்டம் திரும்புவதும் நீர் தெளிவதும் அளந்து பார்த்த உண்மைகள். 'அதனால்தான் உங்கள் கிளாத்தி வந்தது' என்பது மட்டும் என் ஊகம், அந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதே மாதிரி இன்னொரு பேச்சு கரையில் ஓடுகிறது, கடல் சூடாகிறது, சாளை போச்சு, அதனால் கிளாத்தி பெருத்துவிட்டது என்று. சுமார் பதினைந்து வருடமாக நம் தென்மேற்குக் கரை இறங்குதளங்களில் கிளாத்தி மலைமலையாக வருவதை நானே எண்ணியிருக்கிறேன், முன்பு ஒரு கூடைக்கு நாலு கிடக்கும். ஆனால் இறங்குதளத்தில் எண்ணுவது கரைக்கு வந்த மீனை, கடலில் இருக்கிற மீனை அல்ல. முன்பு விலையில்லாமல் கடலிலேயே தள்ளிவிட்டு வந்தார்கள், இப்போது மீன்மாவுக் கம்பெனிக்காரர் வாங்குகிறார், கொண்டுவருகிறார்கள். படகுகளும் முன்பு வலை கிழியும் என்று ஒதுங்கிய பார்ப் பக்கங்களை இப்போது உரசிக்கொண்டு இழுக்கின்றன. மீன் பெருகியதா, கொண்டுவருவது பெருகியதா என்று கூடையை மட்டும் எண்ணிப் பிரிக்க முடியாது, இரண்டும் கலந்ததாகத்தான் இருக்க வேண்டும். சாளையோடு முடிச்சுப் போடுவதும் அவசரம். கேரளத்தில் 2012ல் 4 லட்சம் டன்னுக்குப் பக்கத்தில் கிடைத்த சாளை 2021ல் 3,297 டன்னுக்கு விழுந்தது, இரண்டு வருடத்துக்குள் மறுபடி லட்சத்தைத் தாண்டியது. அதோடு கூடவே கிளாத்தி ஏறி இறங்கியதை நான் பார்க்கவில்லை. பேத்தை பெருகியதற்கு மட்டும் ஓரளவு கேட்கத்தக்க ஒரு காரணம் ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். பேத்தையை விழுங்கித் தின்கிற கடல் விரால், மலையாளத்தில் மோத, அதை நாம் அளவுக்கு மீறிப் பிடித்துவிட்டோம் என்று. கணவாய்க்காரர்களுக்கு இந்தப் பேத்தை பெரிய தலைவலி, வலையில் கிடக்கிற கணவாயைக் கடித்துக் குதறி, வலையையும் ஓட்டை போட்டுவிடும்.

அடுத்த தடவை சுவருக்குப் போகும்போது இதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பனிக்காலக் கடல் குளம் மாதிரி கிடக்கிறதே என்று அந்தக் கற்களின் நுனிக்கு இறங்கிப் பழகிவிடாதீர்கள். 2017 நவம்பர் 30 காலையும் நம் கரைக்குப் பனிக்காலத் தொடக்கம்தான், ஒக்கி புயல் என்ன செய்தது என்று தூத்தூர், வள்ளவிளைப் பக்கத்தில் யாரிடமும் கேட்கத் தேவையில்லை, தெரு முனையில் படங்கள் தொங்குகின்றன. ஹைதராபாத்தில் இருக்கிற இன்காய்ஸ் என்கிற கடல் தகவல் நிலையம் அலை உயரமும், தூரக் கடலில் கிளம்பித் திடீரென்று கரையேறுகிற கள்ளக்கடல் அலைக்கான எச்சரிக்கையும் தினமும் போடுகிறது, போனிலேயே பார்க்கலாம். பாசி பிடித்த கல்லில் ரப்பர் செருப்போடு நிற்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும்.

பாரைதான் வேண்டுமென்றால் சுவரடியை விட்டுவிடுங்கள், கிளாத்தி அங்கேதான் குடியிருக்கும். ஆற்றுத் தண்ணீரும் கடலும் கலக்கிற கோட்டுக்கு வெளிப்பக்கம், வெயில் ஏறுவதற்கு முன், சாளைத் துண்டுக்குப் பதில் உயிர் மடவைக் குஞ்சு போட்டுப் பாருங்கள், அதைக் கொறிக்கக் கிளாத்திக்கு அவ்வளவு சுலபமில்லை. கிளாத்தியே வேண்டுமென்றால் எட்டு மணிக்கு மேல், சின்ன ஹூக், அதற்கு மேலே ஒரு சாண் மெல்லிய கம்பி, கணவாய்த் துணுக்கு விரல் நகம் அளவு. கடித்ததும் இழுங்கள், யோசித்துக்கொண்டு நின்றால் இடுக்குக்குள் போய் முள்ளை நிமிர்த்திவிடும், அப்புறம் ஈயத்தோடு நரம்பும் கடலுக்குத்தான். ஹூக்கைப் பிளேயரால் எடுங்கள், விரலால் அல்ல. இப்போதைக்குப் போய் அந்தக் குட்டி முள்ளை அழுத்திப் பார்த்துவிட்டு, பெரியது படுத்ததா இல்லையா என்று இங்கேயே எழுதுங்கள். அதுவரை அடுப்பைப் பற்றவைக்க வேண்டாம்.